விருந்தாளி போன பிறகுதான் சாப்பாடு

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். பூனாவிலேயே பிறந்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் தயவுசெய்து வாசித்துக் காட்டுங்கள்.

அப்பா ஆற்காட்டை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாய்மாமன் தயவில் பள்ளிப் படிப்பை முடித்து, வேலை தேடிப் பூனாவுக்கு ரயிலேறினார். கேம்ப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பக்கத்துக் கோர்படியில் மாடி வீடு பிடித்து, எங்கள் அம்மாவைக் கைப்பிடித்து, அண்ணனையும் என்னையும் ஆளாக்கினார்.

யாராவது ஒரு நம்பரைச் சொன்னால் அப்பா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இணைப்புக் கொடுப்பார். கொடுத்த மறுநொடி அது மறந்துவிடும். "அத்தனையும் வெச்சுக்கிட்டா மண்டை என்னத்துக்கு ஆகும்?" என்பார். ஆனால் தன் பள்ளியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் பெஞ்சு பெஞ்சாகச் சொல்வார். எது தங்க வேண்டும், எது போக வேண்டும் என்று உள்ளே யார் முடிவு செய்கிறார்கள்? சின்ன வயதிலிருந்தே எனக்கு இது ஒரு குடைச்சல்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓய்வு பெற்ற சில மாதங்களில், அப்பாவை மூளைக் காய்ச்சல் தாக்கியது. உயிர் பிழைத்தார். பழையது எல்லாம் அப்படியே இருந்தது. தமிழ், மராட்டி, இந்தி மூன்றும் சரளமாக வந்தன. புதிதாக எதுவும் தங்கவில்லை. ஒரு நம்பரைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னால், முணுமுணுக்கும் வரை வைத்திருப்பார். குக்கர் விசில் அடித்தால் போச்சு, நம்பரும் நினைவில் இல்லை, நான் கேட்டதும் நினைவில் இல்லை. கையில் வாங்க முடிகிறது, அலமாரியில் வைக்க முடியவில்லை என்றார் டாக்டர். அழுகை வந்தது. கூடவே, அந்த அலமாரி தலைக்குள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் வந்தது. நான் அப்படித்தான்.

இரண்டு ஆண்டு கழித்து அண்ணன், கூட வேலை பார்த்த சுனந்தாவை மணந்தார். பூனாவின் இன்னொரு பகுதியான சாங்வியைச் சேர்ந்த மராட்டிக் குடும்பம். அப்பா கல்யாணத்தில் அட்சதை போட்டார், பந்தியில் திருப்தியாகச் சாப்பிட்டார். அன்று மாலையே அண்ணனிடம், நீ எப்போதப்பா கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டார்.

வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்த அண்ணி, அப்பாவுக்குத் தினமும் புது ஆள். மராட்டியில் மரியாதையாக வரவேற்று, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று விசாரித்து, காபி கொடுக்கச் சொல்வார். இதிலென்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். விருந்தாளி சாப்பிடாமல் தான் சாப்பிடுவதில்லை என்பது அப்பாவின் வாழ்நாள் வழக்கம். சரியென்று அண்ணி முதலில் சாப்பிட்டுப் பார்த்தார். சாப்பிட்டதும் அப்பாவுக்கு மறந்துவிடும். மறுபடியும் "முதல்ல அவங்களுக்குப் போடு" என்று ஆரம்பிப்பார். அவருக்கோ சர்க்கரை வியாதி, வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று விடைபெற்று, அப்பா சாப்பிட்டு முடிக்கும் வரை மாடிப்படியில் நிற்பார்.

ஒருநாள் அண்ணியின் தாயார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர், மகள் படியில் நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனார். பெட்டியைக் கட்டு, சாங்வியில் தனி வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அண்ணி கொஞ்ச நாள் அவகாசம் கேட்டார். என்னிடம் மட்டும், "எத்தனை வருஷம் ஆனாலும் இந்த வீட்ல நான் கெஸ்ட்தானா?" என்று கேட்டார்.

மாதந்தோறும் சங்கடஹர சதுர்த்திக்கு அண்ணி மோதகம் செய்வார். நம் கொழுக்கட்டை மாதிரி அழுத்தி மூடுவதல்ல. ஓரத்தை மடிப்பு மடிப்பாகக் கிள்ளி, குவித்து, நுனியைத் திருக வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த அப்பாவின் கையில் அண்ணி ஒரு மாவு உருண்டையைக் கொடுத்தார். சமையல்கட்டுப் பக்கமே வராத மனிதர்! முதல் மாதம் எல்லாம் கிழிந்து பூரணம் வழிந்தது. அடுத்த மாதமும் அதேதான். சில மாதங்கள் போனபின், "இதெல்லாம் நான் செஞ்சதே இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே அழகாக ஒன்றை மடித்து வைத்தார். அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கைப்பழக்கம் தலைக்குள் வேறு வழியாகப் போகும், அந்த வழி அடைபடவில்லை என்று டாக்டர் விளக்கினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. விரல் இவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறதென்றால், அவருக்கே தெரியாமல் உள்ளே வேறு என்னவெல்லாம் சேர்ந்துகொண்டிருக்கிறது?

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம், நானும் அங்கே இருந்தேன். அம்மா தட்டு வைத்தார். அண்ணி வழக்கம்போலச் செருப்பை மாட்டினார். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கம்மா போறே, இந்த மழையில? உக்காரு, சாப்புடலாம்."

அம்மா மெதுவாக, இவள் யாரென்று தெரிகிறதா என்று கேட்டார். அப்பா அண்ணியின் முகத்தையே பார்த்தார்.

"யாருன்னு தெரியல. ஆனா வெளியாளு இல்ல."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்த அண்ணி தேம்பித் தேம்பி அழுதார். சாம்பாரில் காரம் அதிகமோ என்று அப்பா அம்மாவைக் கேட்டார். பெயர் கடைசிவரை தங்கவில்லை. சில நாட்கள் மறுபடி விருந்தாளி ஆக்கினார். ஆனால் சாங்விப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

சென்ற ஆண்டு இதயம் பலவீனமாகி, மருத்துவமனையில் சில நாட்கள் இருந்து, அண்ணி ஊட்டிய கஞ்சியைக் குடித்துவிட்டு, உறக்கத்திலேயே அப்பா அமைதியானார்.

பொறுமையாக விளக்கம் சொன்ன மருத்துவருக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த கோர்படி அக்கம்பக்கத்தாருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய அப்பாவின் தாய்மாமன் வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்து தோள்கொடுத்த ஆற்காட்டுச் சொந்தங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த வரிசையில் முதலில் அண்ணியின் பெயரைத்தான் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது அம்மா அதை அடிக்கச் சொல்லிவிட்டார். வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று கேட்டார். அடித்துவிட்டேன்.