காற்றில் வழி சொன்ன வெப்சைட்

பிள்ளைகளா, நம் வீட்டு வெப்சைட்டைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் ஹாஸ்டலில் உட்கார்ந்து சிரித்ததாக அம்மா சொன்னாள். சிரியுங்கள். பத்தாவதோடு கடலுக்குப் போனவன், போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே செய்தது அது. நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு இன்னொரு தடவையும் சிரியுங்கள்.

ராமேஸ்வரம் வருகிறவர்கள் தங்கட்டும் என்று மாடியில் இரண்டு அறை போட்டோம் அல்லவா, ஒரு மாதமாக ஒருத்தரும் வரவில்லை. அம்மா கெடு வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் வலை, மிதவை, கயிறு எல்லாம் மேலே ஏறிவிடும்.

வெப்சைட்டில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படகுப் படமே ஏழு வைத்திருந்தேன். அறை எடுக்க இரண்டு பட்டன்: கொண்டல், கச்சான். கிழக்கே இருந்து வரும் காற்று கொண்டல், மேற்குக் காற்று கச்சான், வடக்குக் காற்று வாடை. நமக்குத் திசைக்கும் அதுதானே பெயர், அறை பார்க்கும் திசையையே பட்டனில் போட்டேன். வழியும் தெளிவாகப் போட்டிருந்தேன்: பாம்பனில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாடையில் நடந்து, கச்சானில் திரும்பவும்.

வியாழக்கிழமை ஒரு திருப்பூர்க்காரர் போன் செய்து, கொண்டலில் ஏசியா, கச்சானில் ஏசியா என்று கேட்டார். இரண்டிலும் ஃபேன்தான் என்றேன். நல்ல மனுஷன், வருகிறேன் என்றார். மறுநாள் மதியம் மறுபடி போன். மனைவியோடு வெயிலில் நிற்கிறாராம். என் வெப்சைட்டைப் பார்த்து நடந்து, மீன் ஏலம் போடுகிற இடம் வரை போய்த் திரும்பியாயிற்றாம்.

"காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்கண்ணே. சோத்தாங்கைப் பக்கம் வாங்க."

"இங்க காத்தே இல்லைங்க."

கொஞ்சம் பொறுங்கள், அடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். வலை தூக்க முந்தானையைச் செருகிக்கொண்டு நின்ற அம்மா போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, ஒங்களுக்கு எதுத்தாப்புல என்ன தெரியுது?"

"ஐஸ் கம்பெனிங்க."

"அங்கனயே நில்லுங்க, வாரேன்."

கூட்டி வந்து சர்பத் கொடுத்து, மாடியில் இரண்டு கதவையும் திறந்து காட்டினாள். காலை வெயில் பிடிக்கும் என்றால் இது, நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றால் அது என்றாள். அவர்கள் தூக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். வலை கீழேயே கிடந்தது. படியிறங்கும்போது அம்மா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"ஒங்க வெப்சைட்டு ஒங்களுக்குத்தான் வழி சொல்லுது. ஒங்களுக்குத்தான் வீடு தெரியுமே."



ஞாயிற்றுக்கிழமை திருப்பூர்க்காரர்கள் தனுஷ்கோடிக்கும், அம்மா பூசைக்கும் போயிருந்தார்கள். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அப்போதுதான் இறங்கியவன் மாதிரி நின்று, ஊரை ஒரு சுற்றுப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டதைப் போனில் தட்டினேன்: பச்சை போர்டு போட்ட டீக்கடை. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுத்தது என்ன தெரிகிறது என்று பார்க்க நாலு எட்டு நடந்தேன்.