சுடலைமுத்துவின் பத்து விரல்கள்

இருபத்திரண்டு வருஷமாகத் தென்காசியில் ஒரு டிராவல்ஸில் விசா வேலை பார்க்கிறேன். வளைகுடா வேலை விசாவுக்கான விண்ணப்பம் ஆறு பக்கத்திலிருந்து ஒரே பக்கமான நாளில் முதலாளி என் மேஜைக்கு வந்தார்.

"இனி ஒனக்கு வேலையே கெடையாதும்மா. கைரேகையக்கூட போன்லயே எடுத்துரலாமாம். ஒருத்தனும் சென்னைக்கு அலைய வேண்டாம்" என்றார்.

நானும் நம்பினேன்.

அடுத்த வாரமே பண்பொழியிலிருந்து சுடலைமுத்து வந்தான். டைல்ஸ் கொத்தனார். வேலைத்திறனைப் பார்க்கும் டிரேடு டெஸ்டில் அவன் ஒட்டிய தரையைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரர் கைகுலுக்கினாராம். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவனின் சொந்த வீடு நாலு வருஷமாகக் கூரையில்லாமல் லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. அதற்குக் கான்கிரீட் போடத்தான் இந்தப் பயணம்.

போன் கேமராவுக்கு முன்னால் விரலை நீட்டச் சொன்னேன். 'தெளிவாக இல்லை' என்றது ஆப். பதினோரு தடவை எடுத்தோம். பதினோரு தடவையும் அதே பதில். அவன் கையைத் திருப்பிப் பார்த்தேன். சிமென்ட் தின்று, விரல் நுனியெல்லாம் அவன் ஒட்டுகிற டைல்ஸ் மாதிரியே வழவழவென்று இருந்தது.

"ரேகைய எங்கன தொலைச்ச தம்பி?"

"ஊர்க்காரன் வீட்டுத் தரையிலதான் எங்கயாவது கெடக்கும்க்கா."

கொத்தனார் வேண்டும் என்றுதான் விசா கொடுக்கிறார்கள். கொத்தனாரிடம் இருக்கவே முடியாத விரலைக் கேட்கிறார்கள். இதைப் போனிடம் யார் சொல்வது? கெடு பன்னிரண்டு நாள். அதற்குள் ரேகை ஏறாவிட்டால் விசா ரத்து; கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். சிமென்டைத் தொடாதே, தினமும் தேங்காய் எண்ணெய் தேய் என்று அனுப்பினேன்.

அவன் மனைவி இசக்கியம்மாள் அதைச் சட்டமாகவே அமல்படுத்தினாள். "சோத்தக்கூட கரண்டியிலதான் திங்கச் சொல்லுதேங்க்கா. இந்த வெரலு இப்ப சர்க்கார் சொத்துல்லா" என்று போனில் சொன்னாள்.

கடைசி நாள் மத்தியானம் இருவரும் வந்தார்கள். அவன் தலை ஈரமாக இருந்தது. சாரல் சீசன். சும்மா இருந்தவனைக் கூட்டாளிகள் குற்றாலத்துக்குக் கூட்டிப்போக, ஐயா மெயின் அருவியில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். பத்து விரலும் ஊறிச் சுருங்கியிருந்தன.

"பதினோரு நாளு கண்ணுல எண்ணெய விட்டுக் காத்தேங்க்கா. காலைல கடைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள ஓடிட்டாரு!" என்றாள் இசக்கியம்மாள்.

கெடு சாயந்தரம் ஐந்து மணி. அவனை ஃபேனுக்குக் கீழே கையை நீட்டியபடி உட்கார வைத்தோம். அவள் ஒவ்வொரு விரலாக முந்தானையால் ஒற்றி எடுத்தாள். நாலு மணிக்குத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது, எனக்கும்தான். நாலரைக்குப் போனில் எடுக்க ஆரம்பித்தோம்; ஒவ்வொரு விரலாக ஆப்பில் பச்சை விழுந்தது. கடைசிக் கட்டைவிரல் நாலு ஐம்பத்தாறுக்கு வந்தது. இசக்கியம்மாள் அழுதாள். பிறகு விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.

அவன் போய் இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான்: "அக்கா, சைட் வாசல்லயும் வெரல் மெஷின் வச்சிருக்கான். மொத மூணு வாரம் எடுத்துச்சு. இப்ப வெரல வச்சா நான் வேலைக்கே வரலைங்குது. அது முன்னாலதான் நிக்கேங்க்கா, வரலைங்குது!"

சிரித்தேன். இரண்டாம் முறை கேட்டபோது சிரிப்பு வரவில்லை. நல்லவேளை, அங்கிருந்த மலையாளி சூப்பர்வைசர் அவன் முகத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறாராம். போன மாதம் பண்பொழி வீட்டுக்குக் கான்கிரீட்டும் போட்டாயிற்று.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விண்ணப்பம் ஒரு பக்கமானது நல்ல காரியம். ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கும் முன் ஆளின் கையைப் பாருங்கள். ரேகை தேய்ந்திருந்தால் இரண்டு வாரம் முன்பே சிமென்ட் கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். குற்றாலத்துக்குப் போக மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் முதலாளி விளையாட்டாகத் தன் கையைக் கேமராவுக்கு நீட்டினார். முதல் தடவையிலேயே பத்து விரலும் பச்சை. "பாத்தியாம்மா, எவ்வளவு ஈசி!" என்றார். நான் அவர் விரல்களைப் பார்த்தேன். ஒருநாளும் சிமென்டைத் தொடாத விரல்கள்.