முப்பத்தேழாவது பருந்து

பாவாடை ஓரத்தில் அப்பிக்கொண்ட புல்விதைகள் கணுக்காலைக் குத்தும் எரிச்சலோடுதான் எழுபதுகளின் கடைசியில் வந்த அந்த ஐப்பசி எனக்கு நினைவுக்கு வருகிறது. வில்லாபுரத்தில் எங்கள் தெருவைத் தாண்டி அவனியாபுரம் போகும் வழியில், விதைப்பில்லாத நிலம் இடுப்பளவு புல்லாகக் கிடந்தது. வடக்கே குளிர் தொடங்கியதும் அங்கிருந்து கிளம்பி வரும் பூனைப்பருந்துகள் பகலெல்லாம் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுவிட்டு, பொழுது சாய அந்தப் புல்லுக்குள் இறங்கித் தரையிலேயே தூங்கும்.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் அறிவியல் டீச்சர் அவற்றை எண்ணுவதற்கு ஐந்து பேரைச் சேர்த்தார், நானும் ஒருத்தி. பொழுதடைந்து தனியாக வரக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால், அக்கா கஸ்தூரி எனக்குத் துணையாக வந்தாள். அம்மா படுக்கையில் விழுந்த வருடம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அப்பாவின் தறிக்கு ஊடைநூலைச் சிறு குச்சிகளில் "தார்" சுற்றவும், புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கவும் உட்கார்ந்தவள் அவள். டீச்சருக்குப் பக்கத்தில் வரவே கூசி, எப்போதும் வரப்பில் தள்ளியே நிற்பாள்.

அன்று மாலை பருந்துகள் நாலு திசையிலிருந்தும் தாழப் பறந்து வந்து, வட்டமிட்டு, இறங்கி, மறுபடி எழும்பி எங்களைத் திணறடித்தன. நாங்கள் ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னோம். பைனாகுலர் வைத்திருந்த டீச்சரே ஐம்பத்திரண்டு என்றார். அப்போது அக்கா எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் என் காதில் ஏதோ சொன்னாள்.

"ஒங்க அக்கா என்ன சொல்றா?" என்றார் டீச்சர்.

"முப்பத்தேழுதானாம் டீச்சர். எந்திரிச்சதையே திருப்பி எண்ணிட்டோமாம். எடது றெக்கையில எறகு இல்லாத ஒண்ணு மட்டும் மூணு தடவ வந்துச்சாம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். "தார் சுத்துறவங்களுக்கு பைனாகுலர விடக் கண்ணு தெரியுமாக்கும்?" என்றாள் ஒருத்தி. அக்கா தாவணி முனையைச் சுருட்டிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "விடியயில ஒண்ணொண்ணா கெளம்பும். அப்ப எண்ணுனா சரியாத் தெரிஞ்சிரும். ரெண்டு பேரையும் அனுப்புங்க" என்று அப்பாவிடம் கேட்டார்.

"இருட்டுல பொம்பளப் பிள்ளைகளுக்குக் காட்டுல என்ன டீச்சர் வேல? சின்னவ படிக்கிறவ, சரி. பெரியவ எதுக்கு?"

அதுவரை தனக்கென்று எதையும் கேட்டறியாத அக்கா உள்ளேயிருந்து வந்து நின்றாள். "நான் போகணும்ப்பா. நான் சொன்னது சரின்னு எனக்குத் தெரியும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் கிழக்கு வெளுத்ததும் பருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. இந்த முறை யாருக்கும் குழப்பமில்லை. முப்பத்தாறு எழும்பின, வெயிலும் ஏறியது. டீச்சர் நோட்டை மூடப் போனார்.

"இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு டீச்சர்" என்றாள் அக்கா, இந்தத் தடவை தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி.

காத்திருந்தோம். ஒரு பிள்ளை பள்ளிக்கு நேரமாகிறது என்று முனகினாள். அப்பா புல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் எங்களுக்கு இருபதடி தள்ளி, இடது சிறகில் ஓர் இடைவெளியோடு, அது சாவகாசமாக எழும்பியது.

"ஒன் முழுப் பேரு என்னம்மா?" என்று டீச்சர் கேட்டார். தயங்கித் தயங்கி அக்கா சொன்ன பெயரைப் பட்டியலில் 'எண்ணியவர்' என்ற இடத்தில் முதலாவதாக எழுதினார். என் பெயர் ஐந்தாவதாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறேன்; அந்த ஐந்தாவது இடத்தைப் போல எதுவும் என்னை நெஞ்சு நிமிர்த்தி நடக்க வைக்கவில்லை. திரும்பும் வழியில் அப்பா டீக்கடையில் நின்று, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும், "எம் பெரிய பொண்ணு சொன்னது அப்பிடியே சரியாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் புல்வெளி இப்போது இல்லை. கல் ஊன்றி மனைகளாகி, வீடுகளாகி, நாங்கள் நின்ற வரப்பின் மேல் தார்ச்சாலை ஓடுகிறது. ஐப்பசியில் அங்கே அண்ணாந்து பார்த்தால் கேபிள் வயர்கள்தான். அப்பாவும் டீச்சரும் போய்விட்டார்கள்.

போன வருடம் ஒரு சாயங்காலம் அக்கா போன் செய்தாள். திருமங்கலத்தைத் தாண்டி ஒரு தரிசில் பருந்து இறங்குவதாக யாரோ சொல்ல, அறுபதைக் கடந்தவள், முழங்கால் வலியோடு பஸ் ஏறித் தனியாகப் போய் நின்றிருக்கிறாள்.

"பதினொண்ணு இருக்குடி" என்றாள். "காலையில ஒருக்கா சரி பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."