இருபத்தொன்றும் இருபதும்

அனுமந்தன்பட்டி விவசாயக் குடும்பத்துப் பெண் நாகஜோதி. கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, 2006இல் தேனி அல்லிநகரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்கேன் படங்களை மதுரையிலுள்ள மூளை நிபுணருக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. படங்கள் பெரியவை, மெயிலில் போகாது. பெரிய கோப்புகளுக்கான எஃப்.டி.பி. வழியாகத்தான் அனுப்பியாக வேண்டும்.

அந்த ஆடியில் வைரஸ் புகுந்து கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. சரிசெய்ய வந்தவர், வெளியிலிருந்து எதுவும் நுழையாமல் காக்கும் ஃபயர்வால் போட்டார். வலைத்தளங்களுக்கான 80, மெயிலுக்கான 25 என அன்றாடம் தேவைப்படும் சில போர்ட்டுகளைத் திறந்துவைத்து, மற்ற வாசல்களையெல்லாம் அடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மரமேறும் மாரிசெல்வத்தைத் தூக்கிவந்தார்கள். தென்னையிலிருந்து விழுந்தவனுக்கு நினைவு திரும்பவில்லை. ஸ்கேன் எடுத்தாயிற்று. நாகஜோதி அனுப்பப் பார்த்தாள். இணைப்பே கிடைக்கவில்லை.

"படம் வந்துச்சான்னு மதுரையில கேக்குறாக, ஜோதி!" டாக்டர் சண்முகராஜ் போனைக் காதில் வைத்தபடியே கத்தினார்.

"அடைச்சுட்டுப் போயிருக்காக சார். இந்தா தெறக்குறேன்."

ஃபயர்வாலில் எஃப்.டி.பி.க்கான 21ஐத் திறந்தாள். உடனே இணைப்பு கிடைத்தது, பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொண்டது. அவள் மூச்சு விட்டாள். ஆனால் படம் நகரவில்லை. மறுபடி முயன்றாள். திரை அப்படியே நின்றது.

மாரிசெல்வத்தின் மனைவி விஜி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, ஒரு கண்ணுல மட்டும் பாப்பா பெருசாயிருச்சாம். நர்ஸம்மா ஓடுறாக. மதுரைக்கு வண்டியில ஏத்திரவா?"

"இரும்மா, ஒரு நிமிசம்."

உள்ளே நுழையவிட்டது, சரக்கை மட்டும் ஏன் விடவில்லை? டிப்ளமோ பரீட்சைக்கு 'எஃப்.டி.பி.: 20, 21' என்று உருப்போட்டது நினைவுக்கு வந்தது. மற்ற சேவைகளுக்கெல்லாம் ஓர் எண், இதற்கு மட்டும் ஏன் இரண்டு என்று அன்று அவள் கேட்டதில்லை. இப்போது விளங்கியது. 21இல் நடப்பது வெறும் பேச்சு. படம் போக மதுரைக் கம்ப்யூட்டரின் 20இலிருந்து இன்னோர் இணைப்பு வரவேண்டும். அதை ஃபயர்வால் வாசலிலேயே மறித்துக்கொண்டிருந்தது.

20க்கும் வழிவிட்டாள். படங்கள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின.

மதுரைக்காரர் பார்த்ததும் சொன்னார்: "வண்டியில ஏத்தாதீக. ரத்தம் கட்டி மூளைய அமுக்குது. அங்கனயே மண்டையில துளை போடுங்க, நான் போன்லயே இருக்கேன்."

சண்முகராஜ் ஆபரேஷன் தியேட்டருக்குள் ஓடினார். விஜி நாகஜோதியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தாள்.

மாரிசெல்வம் பிழைத்தான். மரம் ஏற முடியவில்லை, பேச்சும் கொஞ்சம் தடுமாறியது. பின்னாளில் தேனியில் வேறு மருத்துவமனைகளும் கம்ப்யூட்டர் இணைப்புக்கு நாகஜோதியைக் கூப்பிட்டன. எந்த வாசலை அடைக்கும் முன்பும், "இது வழியா யாருக்கு என்ன போகுது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் அவள் கை வைப்பாள்.