பிச்சையா காட்டிய இடம்

ஸ்ரீபெரும்புதூரில் திரும்பி ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போகிற சாலையில் பிழைக்க வந்தவர்களுக்குக் கணக்கில்லை. அதில் முக்கால்வாசிப் பேர் நாக்கை ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள். கேன்டீனில் போட்டதைத் தின்பார்கள், ரூமில் குழைந்ததைத் தின்பார்கள், செங்கல்லை வேகவைத்துக் கொடுத்தாலும் தொட்டுக்க என்ன என்று கேட்பார்கள். பிச்சையா அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. அவன் நாக்கோடு வந்தவன்.

சங்கரன்கோயில் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கார்க் கதவுக்குத் தகடு அழுத்துகிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். மிஷினுக்கு முன்னால் நிற்கும்போது அவனுக்குப் பேர்கூடக் கிடையாது. "ஏய், மூணாம் நம்பர்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டிவிட்டால் அவன்தான் ராஜா. "அண்ணே, இன்னைக்கி எங்கண்ணே?" என்று பின்னாலேயே ஒரு படை கிளம்பும்.

இருங்காட்டுக்கோட்டையில் லாரி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், சாயங்காலம் மட்டும் கல்லைச் சூடாக்குகிற புரோட்டாக்காரனைக் கண்டுபிடித்தது அவன்தான். மறைமலை நகரில் ஒயின்ஷாப்பை ஒட்டின பாரில், மூத்திர நாற்றத்துக்கு நடுவில், காடையை மிளகு போட்டு வறுக்கிற ஒருத்தன் இருக்கிறான். அந்த ஊரில் பிறந்தவனுக்கே அது தெரியாது, பிச்சையாவுக்குத் தெரியும். போனில் நட்சத்திரத்தைப் பார்த்துக் கடை தேடுகிற இன்ஜினியர் பையன்களைக் கண்டால் அவனுக்குச் சிரிப்புத்தான் வரும். அது நியாயமான சிரிப்பு. நாக்கு சர்டிபிகேட்டில் வருகிற சமாச்சாரம் இல்லை.

"கடைக்கு முன்னால என்னத்தலே பாக்க?" என்பான் பையன்களிடம். "பின்னால போய் நாயப் பாரு. அந்நிய ஆளக் கண்டும் கொலைக்காம, தின்ன மயக்கத்துல அது படுத்துக் கெடந்துச்சுன்னா உள்ள போய் ஒக்காரு. எந்திரிச்சு வந்து ஒங்கையப் பாத்துச்சுன்னா வண்டியத் திருப்பு."

அதே லைனில் வேலை, அதே ரூமில் படுக்கை என்று கூட இருந்தவன் இசக்கி. அவனும் அந்தப் பக்கத்துக்காரன். கல்யாணமானவன், பெண்டாட்டி ஊரில் மாசமாக இருந்தாள். அவனுக்கு ஒரு தங்கச்சி, மாரிசெல்வி. சங்கரன்கோயிலில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தாள். கோயில் கொடைக்கு ஊருக்குப் போனபோது பிச்சையா அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. வீட்டிலும் மறுப்பில்லை. குறுக்கே நின்றது ஒன்றே ஒன்றுதான். அதை இசக்கி மாத்தூர் பாரில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"மாப்ள, நீரு நல்ல மனுசன். ஆனா காண்ட்ராக்ட்காரனுக்குப் பொண்ணக் குடுத்தா ஊர்ல என்னயக் காறித் துப்புவாவ. இன்னைக்கி இருக்குத வேல நாளைக்கி இருக்காது. மொதல்ல நீரு பர்மனன்ட் ஆவும். மறுநாளே தேதி குறிச்சிருவோம்."

"நீயும் காண்ட்ராக்ட்தான மச்சான்?"

"அதனாலதான் சொல்லுதேன். எம் பொண்டாட்டி படுத பாடு எந் தங்கச்சி படக் கூடாது."

அன்றிலிருந்து பிச்சையா ஓ.டி. என்றால் மறுப்பதில்லை. கையில் தகடு கிழித்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்பான். வருஷத்துக்கு இரண்டு மூன்று பேரைத்தான் பர்மனன்ட் ஆக்குவார்கள். பேரை எழுதி மேலே அனுப்புகிறவன் சூப்பர்வைசர் ராஜசேகர். உள்ளூர்க்காரன், அப்பன் நிலம் கம்பெனிக்குப் போனது, பிள்ளைக்கு வேலை வந்தது. தன் நிலத்தின்மேல் வெளியூர்க்காரன் நடக்கிறான் என்கிற கோபம் அவனுக்கு எப்போதும் உண்டு.

இதற்கு நடுவில்தான் பிச்சையா தன் ஆயுசிலேயே பெரிய கண்டுபிடிப்பைச் செய்தான். அதை அவன் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக் காலையில் ஆட்டுக்கறிக் கடைக்கு எதிரே போய் நின்றான். கறி வாங்குகிறவனைப் பார்க்கவில்லை. ஆட்டுக் குடலை இந்தப் பக்கம் போட்டி என்பார்கள்; அந்தப் போட்டியை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தான். ஒரு கட்டைகுட்டையான பொம்பிளை, குடல் அத்தனையையும் விரித்துப் பார்த்து, மோந்து பார்த்து, கடைக்காரனை இரண்டு திட்டுத் திட்டிவிட்டு ஒரு கூடை நிறைய அள்ளிக்கொண்டு போனாள். இவன் பின்னாலேயே நடந்தான். ஏரிக்கரைமேல் ஏறும்போது அவள் திரும்பினாள்.

"இன்னாடா, பொட்டச்சி பின்னாடியே மோப்பம் புடிச்சிகினு வர்ற? செருப்பு பிஞ்சிடும்."

"கொடலுக்குப் பின்னாலதான் வாரேன் ஆத்தா. ஒனக்குப் பின்னால இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். அவள்தான் தாயாரம்மாள். வாரணவாசிப் பக்கம் ஒயின்ஷாப்புக்குப் பின்னால், கருவேல மரத்துக்கு அடியில், தார்ப்பாய் போட்ட ஒரு கொட்டாய். பெயர்ப்பலகை கிடையாது. மற்ற நாளில் அவித்த கடலையும் முட்டையும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் போட்டிக் குழம்பு. பாட்டிலை அவனவன் கொண்டுவர வேண்டும். பிச்சையா முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். குடலில் வாடையும் இல்லை, வாடையைப் போக்குகிறேன் என்று மசாலாவைக் கொட்டின முரட்டுத்தனமும் இல்லை.

இந்த ஒரு இடத்தை மட்டும் அவன் படைக்குச் சொல்லவில்லை. சொன்னால் சட்டி காலியாகிவிடும். இசக்கியை மட்டும் ஒரு தடவை கூட்டிப்போனான்; பொண்ணு கொடுக்கப்போகிறவன் ஆயிற்றே.

பர்மனன்ட் லிஸ்ட் மேலே போகிற மாசம் வந்தது. அந்த மாசத்து ஞாயிறு ஒன்றுக்கு ஓ.டி. போட்டார்கள். வாரம் முழுக்கத் தகட்டோடு கிடந்தவர்கள், ஒருவரும் போகிற மாதிரி இல்லை. ஆளுக்கு ஆள் காய்ச்சல் என்று போன் அடித்துவிட்டார்கள். இசக்கிக்கும் காய்ச்சல். பிச்சையா மட்டும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"ஒருத்தனா போயி மிஷினுக்கு முத்தமா குடுக்கப் போறீரு?" என்றான் இசக்கி, பாயில் படுத்தபடி.

"ஒந் தங்கச்சிக்காவத்தான் போறேன். ஒறங்கு."

லைனில் ஆள் இல்லை. ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு லைன் ஓடாது. ராஜசேகர் போனைக் காதில் வைத்தபடி மேனேஜரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தான். முகம் கறுத்துப்போய் வந்தவன் கண்ணில் பிச்சையா பட்டான்.

"இன்னாடா மூணாம் நம்பர், நீ பெரிய சோத்து ராஜாவாமே? எல்லாப் பயலும் சொல்றான். வயிறு எரிஞ்சிகினு கீது. எங்கனா நல்லதா ஒரு எடம் காட்டு, பாப்போம்."

பிச்சையாவுக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. மிஷினுக்கு முன்னால் ஒருத்தன் அவனை மனுஷனாக மதித்துக் கேட்ட முதல் கேள்வி அது. அவசரப்படவில்லை, யோசித்துத்தான் முடிவெடுத்தான். மாத்தூர் பார் வேண்டாம், காய்ச்சல்காரன்கள் அத்தனை பேரும் அங்கேதான் கிடப்பான்கள். இருங்காட்டுக்கோட்டைக்காரன் சாயங்காலந்தான் கல்லே போடுவான். மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை. தாயாரம்மாள் சட்டியை இறக்குகிற நேரம். அங்கே தெரிந்த ஒரு ஈ காக்காய்கூட இருக்காது.

சூப்பர்வைசர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே போனான். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே குனிந்தார்கள்.

மொத்த லைனும் அங்கே உட்கார்ந்திருந்தது.

மாத்தூர் பாருக்கு சூப்பர்வைசர் வந்தாலும் வருவான், பிச்சையா இடத்துக்கு எமன்கூட வழி கேட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்லி இசக்கிதான் கூட்டி வந்திருந்தான். வாயில் போட்டதை ஒருத்தனும் மெல்லவில்லை. ஒருத்தன் பாட்டிலைக் காலுக்கடியில் தள்ளினான். அது உருண்டு ராஜசேகர் பூட்ஸில் வந்து முட்டியது.

ராஜசேகர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாக ஒவ்வொருத்தன் பக்கமாகப் போய், நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான்.

"இவனுக்கு எறங்கிடுச்சி. இவனுக்கு லேசா கீது. ஏம்மா, காய்ச்சலுக்கு போட்டி நல்லதா?"

"நல்லதுதான் நைனா," என்றாள் தாயாரம்மாள், ஒன்றும் விளங்காமல்.

"எல்லாம் எந்திரி. தட்டு கைல இருக்கட்டும். நான் துன்னு முடிக்கற வரிக்கும் அப்டியே நில்லு."

நின்றார்கள். அவன் உட்கார்ந்தான். பிச்சையாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னான். இரண்டு பேருக்கும் சோறும் குழம்பும் வந்தன. ராஜசேகர் போனைத் தூக்கிப் பிடித்து, தன் முகமும் தட்டும் முன்னாலும் நிற்கிறவர்கள் பின்னாலும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, அங்கேயே லைன் குரூப்பில் போட்டான். நின்றவர்கள் பைகளிலெல்லாம் ஒரே நேரத்தில் போன் முனகியது.

"கை காஞ்சிபோச்சா? நக்கிக்கோ," என்றான் ஒருத்தனிடம். பிறகு பிச்சையா முதுகில் தட்டினான். "சூப்பர் எடம்டா. நீ மட்டும் காட்டலன்னா இந்த நாய்ங்க இங்க கீறது எனுக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது."

எல்லாக் கண்ணும் பிச்சையாமேல் விழுந்தது. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நாளைக்கி ஒருத்தன் கார்டும் கேட்ல அடிக்காது. பொட்டியக் கட்டிகினு ஊரப் பாத்து போய்ச் சேருங்க."

இசக்கி தட்டைக் கீழே வைத்தான். குழம்புக் கையைச் சேர்த்துக் கும்பிட்டான். "சார், வீட்டுல மாசமா இருக்கா சார். இந்த ஒரு தடவ சார்." சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இசக்கி இந்தப் பக்கம் திரும்பினான். "மாப்ள, நீரு ஒரு வார்த்த சொல்லும். ஒம்ம பேச்சக் கேப்பாரு."

ராஜசேகருக்கு அது வேடிக்கையாக இருந்தது. குழம்பு ஒட்டிய விரலை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "கேளு மூணாம் நம்பர். நீ கேட்டா இவன் ஒருத்தன வுட்டுட்றேன். ஆனா ஒண்ணு. மேல போற லிஸ்ட்ல உம் பேரு கீது. திருட்டுக் காய்ச்சல்காரனுக்கு வக்காலத்து வாங்கறவன் எனுக்கு பர்மனன்ட்டா தேவயில்ல. இன்னா சொல்ற?"

பிச்சையா கணக்குப் போட்டான். இசக்கிக்காகப் பேசினால் பர்மனன்ட் போச்சு. பர்மனன்ட் போனால் மாரிசெல்வி போச்சு. அப்படிச் சொன்னதே இசக்கிதான். பேசாமல் இருந்தால் இசக்கிக்கு வேலை போகும், வேறு கம்பெனியில் கிடைக்கும், தங்கச்சியாவது பர்மனன்ட்காரன் வீட்டுக்குப் போவாள். எப்படிப் பார்த்தாலும் இது இசக்கிக்கும் நல்லதுதான். கீழேயிருந்து கையூன்றி ஏறுகிறவன் எவனும் போடுகிற கணக்குத்தான் அது. கணக்கில் தப்பில்லை. கும்பிட்டுக்கொண்டு நிற்கிறவன் முகத்தைப் பார்த்தால் மட்டும் அது உதைக்கும்.

பிச்சையா முகத்தைப் பார்க்கவில்லை. சட்டி இருந்த பக்கம் திரும்பினான்.

"ஆத்தா, சாருக்கு இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்து. எனக்கும்."

ராஜசேகர் விழுந்து விழுந்து சிரித்தான். தாயாரம்மாள் கரண்டியோடு நின்று பிச்சையாவை ஏற இறங்கப் பார்த்தாள். "உனுக்கு எப்டிடா எறங்குது?" என்றாள். ஆனாலும் ஊற்றினாள். இசக்கி கையைக் கழுவாமலே வெளியே போனான். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள். பிச்சையா தட்டை வழித்துத்தான் எழுந்தான்.

மறுநாள் சொன்னபடியே நடந்தது. ஷிப்ட் முடிந்து அவன் ரூமுக்கு வரும்போது இசக்கியின் பாயும் பெட்டியும் இல்லை. லைனுக்குப் புதிய ஆட்கள் வந்தார்கள். பக்கத்து லைன்காரன்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கேன்டீனில் பிச்சையா தட்டோடு வந்து உட்கார்ந்தால் ஒருத்தன் இன்னொருத்தன் நெற்றியில் புறங்கையை வைப்பான். "கொதிக்குதுடா, சாப்பாட்டு ராஜாகிட்ட சொல்லு, சார் வந்து பாப்பாரு" என்பான். மேஜையே சிரிக்கும். இன்னைக்கி எங்கண்ணே என்று கேட்டுக்கொண்டு கேட் வாசலில் இப்போது ஒருவரும் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாக நடந்து தாயாரம்மாள் கொட்டாய்க்குப் போனான். "தீந்துபோச்சி" என்றாள். மூடாத சட்டி அவள் பக்கத்திலேயே ஆவி பறக்க இருந்தது.

ராஜசேகர் கெட்டவனாக இருக்கலாம், சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. லிஸ்ட் வந்தது. பிச்சையாவுக்குப் பர்மனன்ட். பேர் தைத்த சட்டை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்று இசக்கிக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. மாரிசெல்விக்குப் போட்டான்.

"பர்மனன்ட் ஆயிட்டேன்," என்றான்.

"கேள்விப்பட்டேன்."

"மச்சான் எங்க? தேதி குறிக்கணும்லா."

"அண்ணன் செங்கச் சூளைக்குப் போயிருக்கான். இப்ப அங்கதான் கல்லு சொமக்கான்."

"எல்லாம் ஒனக்காவத்தான் மாரி. நான் பேசியிருந்தா எம் பேர அடிச்சிருப்பான்."

அவளுக்குப் பின்னால் ஜவுளிக் கடைச் சத்தம் கேட்டது. யாரோ சேலைக்கு நிறம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேசாம இருந்தத நான் ஒண்ணுஞ் சொல்லல. பயத்துல வாய் வராது, எனக்குந் தெரியும். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கும்போது நீங்க குழம்பு கேட்டியளாம்லா?"

"சாருக்குக் கேட்டேன்."

"ஒங்களுக்குங் கேட்டியளாம்."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பிச்சையா மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அத்தான், நல்லாருந்துச்சா?"

தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மண்ணைத் தின்ற மாதிரி இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைக் கேட்கத்தான் காத்திருந்தாள் என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் பிச்சையா எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லுவான், சாப்பாட்டு விஷயத்தில் அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"நல்லாருந்துச்சு," என்றான்.

"சரி. கடையில ஆள் நிக்கி, வச்சிருதேன்."

ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இசக்கியோடு சூளையில் கல் சுமக்கிறவன். அவனிடம் பர்மனன்டா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.