ஐந்தடி அகலச் சமையலறைக்கு ஓர் அடுப்பு

எங்கள் சமையலறை ஏழடி நீளம், ஐந்தடி அகலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஐந்தடியில் சமையல் மேடை ஒன்றரை அடியை எடுத்துக்கொள்ளும், எதிரே நிற்கும் ஃபிரிட்ஜ் இரண்டடியை. மிச்ச இடத்தில்தான் என் அப்பா தினமும் காலையிலிருந்து மாலைவரை தனியாக நின்று சமைத்தார்.

அம்மா போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அவர் ஹார்பரில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டார், அதன் பிறகு யாரையும் உள்ளே விடவில்லை. ராயபுரத்து வாடகை வீட்டைக் காலி செய்து திருவொற்றியூரில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்த அன்று, ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வாசலில் நிற்க, அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது உள்ள போவாதுமா. போனாலும் மனுசன் போவ முடியாது" என்றார். நான் கேட்கவில்லை. ஃபிரிட்ஜையும் அடைத்தேன், நான் ஆசைப்பட்டு வாங்கிய மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பையும் மேடையில் ஏற்றினேன். அடுப்பின் முன்பக்கம் மேடையைத் தாண்டி இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது, திருகுகளோடு சேர்த்து. எனக்கு அது அப்போது அழகாகத்தான் தெரிந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சுற்றிலும் ஆலைகள். சாயங்காலம் காற்று திரும்பினால் ஏதோ ஒரு வாடை ஊருக்குள் வரும். சில நாள் அழுகிய முட்டை போல, சில நாள் கேஸ் போல, சில நாள் பேர் சொல்லத் தெரியாத ஒன்று. முதலில் மோப்பம் பிடித்தவர் மாடிப்படியில் நின்று, "வாடை வருது, ஜன்னல சாத்து" என்று குரல் கொடுப்பார். அடுத்த நிமிடம் கட்டிடம் முழுக்க ஜன்னல்கள் படபடவென்று மூடும். கதவடி இடுக்கில் ஈரத்துணி வைப்போம். எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை, ஏனென்றால் அது எப்போதும் வெளியிலிருந்துதான் வரும்.

அன்று வேலை முடிந்து ஆறரைக்கு வந்தேன். கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் ஒரு கப்பலின் காகிதங்கள் இரண்டு முறை திரும்பி வந்து என் உயிரை எடுத்த நாள். எங்கள் மாடி ஏறும்போதே கேஸ் வாடை. உள்ளே போனால் ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்து கிடக்கின்றன, அப்பா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஊரே நாறுது, இப்டி தொறந்து போட்டுட்டு உக்காந்திருக்கீங்களே" என்று கத்திக்கொண்டே எல்லா ஜன்னலையும் அடித்துச் சாத்தினேன். கதவைத் தாழிட்டு இடுக்கில் துணி அடைத்தேன். புழுக்கத்துக்கு மின்விசிறியைப் போட்டேன். அப்பா, "கத்தாதமா, டீ போட்டுத் தர்றேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனார்.

கதவை யாரோ உடைப்பதுபோலத் தட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா. "இன்னாத்துக்கு ஜன்னல சாத்துன? எங்க வூட்டுல வாடையே இல்ல. வெளிய இல்ல, உங்க வூட்டாண்ட தான் வருது. சுச்ச தொடாத" என்றார்.

அப்பா ஒரு கையில் லைட்டரோடு அடுப்பின் முன் நின்றிருந்தார். நான் எப்படி அங்கே போனேன் என்று நினைவில்லை. அவர் கையிலிருந்து லைட்டரைப் பிடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது. மூன்றாவது திருகு கால் சுற்றுத் திரும்பியிருந்தது. ஃபிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து போகும்போது இடுப்பு பட்டுத் திரும்பியிருக்கிறது. அதற்கு முன்பே இரண்டு முறை அது லேசாகத் திரும்பியிருந்ததைப் பார்த்து, சும்மா மூடிவிட்டுப் போனவள் நான். சிலிண்டரை அடைத்துவிட்டு, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. மாடிப்படிவரை போன வாடை, பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஏன் தெரியவில்லை?

கேட்டேன். "வந்துச்சு. வெளிய இருந்து வருதுனு நெனச்சேன்" என்றார். வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்தவர் ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை. மறுநாள் கொஞ்சம் நெத்திலிக் கருவாட்டைக் காகிதத்தில் சுற்றி அவர் நாற்காலிக்கு அடியில் வைத்தேன். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன், தெருமுனையில் வறுக்கும் கருவாடு எந்த மீன் என்று சொல்லக்கூடியவர், ஒரு மணி நேரம் அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் உள்ளே போய் அழுதேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு வந்த கொரோனா காய்ச்சலிலிருந்தே மோப்பம் போயிருக்கிறது. அவர் மறைத்திருக்கிறார். ஏன் மறைத்தார் என்பதும் எனக்கு உடனே புரிந்தது. தெரிந்தால் நான் அவரை அடுப்பிடம் விடமாட்டேன்.

அவரிடம் எதையும் கேட்காமலே கேஸை ஒழிப்பது என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து கைப்பையில் அளவு நாடா. வேறு அடுப்பு வரும்வரைக்கும் தினம் காலையில் சிலிண்டரை அடைத்துவிட்டு, முந்தின நாள் குழம்பை வைத்துச் சமாளியுங்கள் என்று ஏதாவது சாக்கு சொல்லிவிட்டுப் போவேன். அலுவலகத்தில் உட்கார்ந்து மணிக்கு ஒரு தரம் போன் செய்வேன். எடுக்க நாலு ரிங் ஆனால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

மதிய இடைவேளையில் போனில் அடுப்புகளையும் ஃபிரிட்ஜ்களையும் பார்ப்பதே வேலையாகிப் போனது. படத்தில் எல்லாம் சின்னதாகத்தான் இருக்கிறது. சின்னது என்று போட்டிருந்த ஒரு ஃபிரிட்ஜின் கதவு திறக்கவே தனியாக இரண்டடி வேண்டும். அடுப்பு, அலமாரி, ஓவன் எல்லாம் ஒன்றில் என்று ஒரு பெட்டி, எங்கள் மேடையில் வைத்தால் காய் நறுக்க மடியில்தான் பலகை வைக்க வேண்டும். கடைசியில் ஒரு சனிக்கிழமை வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். மின்சாமான் கடையில் இருந்த பாய் வயசானவர், பொறுமைசாலி. நான் ஒப்பித்த அளவுகளையெல்லாம் கேட்டுவிட்டு, "மேடை அளவு சொல்லிட்டீங்க. யாரு சமைக்கிறாங்கம்மா?" என்றார்.

"அப்பா."

"அவரு எந்த சட்டில வெக்கிறாரு?"

எனக்குச் சுருக்கென்றது. அலுமினியக் குண்டான், மீன் குழம்புக்கு மண்சட்டி. இரண்டும் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது என்றார் பாய். கல்லாவிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கொடுத்து, "இத்த எடுத்துகினு போங்க. எதுல ஒட்டுதோ அது ஓடும். பாத்துட்டு வந்து வாங்குங்க" என்றார்.

அப்பா மதியத் தூக்கத்தில் இருக்கும்போது பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். பாத்திரங்களைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றிலும் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், அப்பா வாசலில் நிற்கிறார்.

"இன்னாமா, கஸ்டம்ஸ் செக்கிங்கா?"

இனி மறைத்துப் பலனில்லை. சின்ன இண்டக்‌ஷன் வாங்கப் போகிறேன், ஃபிரிட்ஜைக் கூடத்துக்கு மாற்றப் போகிறேன், கேஸ் வேண்டாம் என்றேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை, இடம் பத்தவில்லை என்று மழுப்பினேன். அவர் குனிந்து ஒட்டாத பாத்திரங்களை ஒரு பக்கமாக நகர்த்தினார். மண்சட்டியைக் கையில் எடுத்துத் துடைத்து மேல் பரணில் வைத்தார். "வாங்கு" என்றார். திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

எலக்ட்ரீஷியன் வந்து பெரிய பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்தார். ஒற்றை அடுப்பு மேடைக்குள் அடங்கி உட்கார்ந்தது. முன்னால் ஒரு சாண் இடம்கூட மிச்சம். ஃபிரிட்ஜ் போன இடத்தில் அப்பா இரண்டு கையையும் அகட்டி நின்று பார்த்தார். சிலிண்டர் வீட்டை விட்டுப் போன அன்று எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான். போனை அவர் எடுக்கவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், ஆறு தரம். மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். லாரிகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்தது, நான் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். மாடி ஏறும்போதே கருகல் வாடை.

அவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் படுக்கையறையில் சார்ஜரில் கிடந்தது. சமையலறையில் அடுப்பு தானாக அணைந்திருந்தது. பால் பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது. ஆபத்து ஒன்றுமில்லை, வாங்கிய அடுப்பு செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. ஆனாலும் வீடு முழுக்கக் கருகல், அதற்கு நடுவில் அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து என்னைப் பார்த்து, "இன்னா இந்த நேரத்துல வந்துட்ட?" என்கிறார்.

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய், அந்தப் பாலிலேயே மேலாக வடித்துக் காபி கலந்து கொண்டுவந்தார். நான் ஒரு வாய் குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காபி நல்லா கீதா, இல்லியா?"

மூன்று வருடமாக இப்படித்தான் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சமைத்திருக்கிறார். நானும் களைப்பில் எதையும் கவனிக்காமல் நல்லாருக்கு நல்லாருக்கு என்றே சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கும் அதுதான் வாயில் வந்து நின்றது.

"கருகல் வாடைப்பா. குடிக்கவே முடியல. வீடெல்லாம் கருகல் வாடை" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பயமாக இருந்தது.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தானும் ஒருமுறை அதை மூக்கருகே வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, தொட்டியில் ஊற்றினார்.

"எனிக்கு ஒண்ணுமே தெரியலமா. ரொம்ப நாளா தெரியல" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "என்ன அடுப்பாண்ட இருந்து தள்ளிடாத. நீ வந்ததும் இப்டி மோந்து சொல்லு, போதும்" என்றார்.

சரி என்றேன். அவர் புதுப் பால் பாக்கெட்டை வெட்டினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.