யோங் பெங்கில் அண்ணன் ஆடவில்லை

செய்தி வந்தபோது நான் செனாயில் எங்கள் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் இருந்தேன். அங்கே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அதனால் செலின் அக்கா ஆறு முறை அழைத்தது என் லாக்கருக்கு மட்டும்தான் தெரியும். மதியம் திரும்ப அழைத்தேன்.

"உங்க அண்ணன் காலையில போயிட்டாருப்பா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். பிறகு அவரே கேட்டார்: "நாளைக்குப் பூசைக்கு மைக்குக்கு யார்கிட்டப்பா சொல்றது? எல்லா சாவுக்கும் இவருதானே போவாரு."

ஞானப்பிரகாசம் அண்ணனைத் தெரியாத யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் முறைப்படி சொல்லிவிடுகிறேன். பெர்மாஸ் ஜெயாவில் வீட்டோடு ஒட்டிய ஒரு கொட்டகையில் சவுண்டு சிஸ்டம் வைத்திருந்தார். ஜொகூர் பாருவைச் சுற்றிக் கோயில் திருவிழா, மாதா பெருவிழா, கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அவருடைய பச்சை வேன் வந்து நிற்கும். செலின் அக்கா அவருடைய மனைவி. எங்கள் ராக் குழுவான 'ஒன்பதாங்கட்டை'க்கும் தொடக்கத்திலிருந்து அண்ணன்தான் சவுண்டு. நான் அதில் பேஸ் கிட்டார் வாசிப்பவன், படிப்பால் மின்னணுப் பொறியாளன். தினேஷ் பாடுகிறவன்.

புது ஆல்பம் எப்போது வரும், சத்தத்தை ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு மாதமாக எங்களைத் திட்டிக்கொண்டிருக்கும் ரசிகர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். திட்டில் பெரும்பங்கு அண்ணனுக்குப் போனது. அது தவறு. ஏன் தவறு என்பதைத் தான் உயிரோடு இருக்கும்வரை சொல்லக் கூடாது என்று என் வாயை அடைத்து வைத்திருந்தார். இப்போது சொல்லலாம்.

சவப்பூசைக்கு வேறொரு சவுண்டுகாரர் வந்தார். பெயர் வேண்டாம். ஃபாதர் "அன்பான சகோதர சகோதரிகளே" என்று தொடங்கியதும் மைக் கீச்சென்று கத்தியது. கோயிலில் இருந்த அத்தனை பேரும், ஃபாதர் உள்பட, கடைசித் தூணைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் அண்ணன் எப்போதும் நிற்பார். அவர் இன்று முன்னால் பெட்டிக்குள் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் உறைக்க ஒரு நொடி ஆனது. "பாரு, எழுந்து வந்து திருகப்போறாரு" என்று தினேஷ் என் காதில் சொன்னான். சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தேன். பின்வரிசையிலிருந்த அம்மா ஒருவர், நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

எங்கள் அறிமுகமே சண்டைதான். நான் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மிக்ஸரில் விடாமல் ஓர் இரைச்சல் வந்தது. எர்த் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே கை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல அப்புறப்படுத்தி, "படிச்ச கையா தம்பி? பாக்கெட்டுலயே வெச்சுக்கோ" என்றார். அடுத்த நிகழ்ச்சியில் மிக்ஸரின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'தொடாதே' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருந்தார். இரைச்சல் மட்டும் இல்லை. எர்த்தைச் சரிசெய்திருந்தார். நான் அதைக் கவனித்ததை அவரும் கவனித்தார். இருவரும் அதைப் பற்றிக் கடைசிவரை பேசவில்லை.

இப்போது யோங் பெங்குக்கு வருகிறேன். எட்டு வருடங்களுக்கு முன் அங்கே ஒரு மண்டபத்தில் வாசித்தோம். இரண்டாவது பாட்டிலேயே ஸ்பீக்கரிலிருந்து 'கிர்ர்' என்று ஓர் உறுமல் கிளம்பியது, செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேடேறுவது போல. மிரண்டுபோய்ப் பார்த்தால், மண்டபத்தின் கடைசியில் அண்ணன் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வீசிக்கொண்டிருந்தார். அவர் ஆடி நாங்கள் பார்த்ததே இல்லை. "அண்ணனே ஆடுறாரு லா" என்று மைக்கில் சொல்லிவிட்டு, தினேஷும் அதே மாதிரி வீசினான். கூட்டமும் வீசியது. அண்ணன் இன்னும் வேகமாக வீசினார். நாங்கள் இன்னும் சத்தமாக வாசித்தோம்.

அன்று ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்த ஒரு சின்ன ரெக்கார்டரில் பதிவானதுதான் 'கரும்புகை', எங்கள் முதல் ஆல்பம். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கிர்ர்தான் ஒன்பதாங்கட்டை என்றீர்கள். சிங்கப்பூரிலிருந்து பையன்கள் பாலம் தாண்டி வந்து, அதை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்கள். "ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணோம்" என்று தினேஷ் கூசாமல் சொன்னான். அண்ணனின் அந்தக் கைவீச்சு உங்கள் சலாம் ஆயிற்று. டீசட்டையில் அச்சாகி வந்தது. நிகழ்ச்சிதோறும் நீங்கள் கையை வீசும்போது அவர் குனிந்து ஏதாவது ஒரு வயரைத் தேடுவார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

புது ஆல்பம் வேலை தொடங்கியதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: அதே கிர்ர் இருக்குமா? சிக்கல் என்னவென்றால், யோங் பெங்குக்குப் பிறகு அது ஒருமுறைகூடத் தானாக வரவில்லை. மேடையில் காலால் மிதிக்கும் ஒரு பெட்டியை வைத்துச் சமாளித்துவந்தேன். பதிவில் அது பொய்யாகக் கேட்டது. நான் பொறியாளன். விளைவு இருந்தால் காரணம் இருக்க வேண்டும். பழைய பதிவைக் கணினியில் போட்டு அலசி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்தால்தான் அப்படி உறுமும் என்று கண்டுபிடித்தேன். எவ்வளவு கிழிய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

ஐந்து புது ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு அண்ணனின் கொட்டகைக்குப் போனேன். முதல் ஸ்பீக்கரைப் பிளேடால் இரண்டு சென்டிமீட்டர் கிழித்தேன். அடுத்ததை மூன்று. ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, அளந்து, அட்டவணையில் குறித்தேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். பிள்ளையைப் பல் பிடுங்கக் கூட்டிவந்த தகப்பன் மாதிரி ஒவ்வொரு கிழிசலுக்கும் முகத்தைச் சுளித்தார். நான்காவதில் எழுந்துவிட்டார்.

"நல்ல ஸ்பீக்கர பிளேடு போட்டுக் கிழிக்கிறவனுக்கு எவன்டா டிகிரி குடுத்தான்?"

"கிர்ர் வேணும்ணே. அதுதான் நம்ம சவுண்டு."

"அது சவுண்டு இல்லடா. பழுது."

"பழுதோ என்னவோ, ஜனங்களுக்குப் பிடிக்குது. நீங்களே அன்னிக்கு நாற்காலி மேல ஏறி ஆடுனீங்கதானே."

அவர் ஐந்தாவது ஸ்பீக்கரை என் கையிலிருந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, அன்னிக்கு யோங் பெங்ல நான் ஆடல."

"பின்ன?"

"நிறுத்துங்கடான்னு கையக் காட்டுனேன்."

நான் பிளேடைக் கீழே வைத்தேன். அவர் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு எனக்கு ரெண்டு புக்கிங். ஸ்கூடாயில ஒரு கல்யாணம். நல்ல ஸ்பீக்கர் பாக்ஸெல்லாம் அங்க அனுப்பிட்டேன். உங்களுக்கு மழையில நனைஞ்சு கிழிஞ்சது. கோயில் நோட்டீஸக் கிழிச்சு ஒட்டி எடுத்துட்டு வந்தேன். சின்னப் பசங்கதானே, என்ன தெரியப்போவுதுன்னு நெனச்சேன். ரெண்டாவது பாட்டுல ஒட்டுனது பிச்சுக்கிச்சு. நிறுத்துங்கடா, வேன்ல சின்னது ஒண்ணு இருக்கு, மாத்திர்றேன்னு கையாட்டுறேன். அந்தத் தினேஷ் பய எனக்கு எதிர்ல நின்னு எதிராட்டம் ஆடுறான்."

எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதே. எட்டு வருஷமா கூட்டம் கூட்டமா எம் முன்னால நின்னு கையாட்டுறாங்க. ஒவ்வொரு வாட்டியும் நீ எங்களுக்குக் கிழிஞ்சதக் குடுத்தேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

பிறகு அலமாரிக்கு அடியிலிருந்து கைலியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இழுத்தார். அதே ஸ்பீக்கர். ஏழு சென்டிமீட்டர் கிழிசல், நான் பழக்கதோஷத்தில் அளந்துவிட்டேன். ஒட்டிய நோட்டீஸின் மிச்சம் ஓரத்தில் தொங்கியது. 'ஆலயத்தினுள் அமைதி காக்கவும்' என்ற வரியை இன்னும் படிக்க முடிந்தது. இத்தனை வருடம் ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, உங்களுக்கு நல்ல பாக்ஸ் வெச்சுக் குடுக்கணும்டா" என்றார்.

இப்படித்தான் எங்கள் சத்தம் மாறியது. கலைஞனின் உள்தேடல் என்று தினேஷ் பேட்டியில் சொன்னதை நம்ப வேண்டாம்.

நான் சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்கள் போய்விடுவார்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். "போறவன் போவட்டும். நிக்கிறவனுக்கு நல்லாக் கேக்கணும்" என்றார். கொட்டகையிலேயே பதிவு செய்யத் தன்னிடமிருந்த மிகச் சிறந்த பாக்ஸ் இரண்டையும் துடைத்து நிறுத்தினார். கொட்டகைச் சுவரெல்லாம் மெத்தை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய் மாலைவரை துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். பதிவானதைத் தினேஷ் முதல்முறை ஹெட்ஃபோனில் கேட்டபோது வெளிறிவிட்டான்.

"அலமாக். அண்ணே, நான் பாடுறது கேக்குது."

"அதுக்குத்தான்டா மைக்கு."

"இல்லண்ணே, எல்லாமே கேக்குது. மூச்சு வாங்குறது கூட."

"அப்ப நாளையிலேர்ந்து காலையில ஓடு."

அவன் மூன்று நாள் ஓடினான்.

முடித்த பாட்டை ஒவ்வொன்றாக அண்ணனுக்குப் போட்டுக் காட்டுவேன். கண்ணை மூடிக் கேட்பார். அவருடைய ஆகப் பெரிய பாராட்டு, "ம். கேக்குது" என்பது. ஒன்பது பாட்டில் எட்டுக்கு அது கிடைத்தது. ஒன்பதாவதில் புருவத்தைச் சுருக்கினார். "பேஸு தூக்கலா இருக்கு. கொறச்சிரு." பேஸ் வாசித்தது நான், அளவு வைத்ததும் நான். திரையில் அலைவரிசைப் படத்தை விரித்து, எல்லாம் சரியான அளவில்தான் இருக்கிறது என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "படம் நல்லாருக்கு. பாட்டுல பேஸு தூக்கலா இருக்கு" என்றார். நான் குறைக்கவில்லை.

அதற்குள் ஒரு பாட்டிலிருந்து ஒரு நிமிடத்தை வெளியிட்டோம். வந்த கருத்துகளை நான் சொல்ல வேண்டியதில்லை, எழுதியவர்கள் நீங்கள்தான். 'கிர்ர் எங்கே?' 'பல் தேய்ச்ச புலி மாதிரி இருக்கு.' 'சவுண்டு அண்ணனுக்குக் காது போச்சு, பாவம்.' கடைசி ரகம்தான் அதிகம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்தார். கட்டைவிரல் சின்னத்தை அழுத்தினால் 'படித்துவிட்டேன்' என்று அர்த்தம் என நினைத்து, தன்னைத் திட்டிய ஒவ்வொருவருக்கும் அழுத்தினார். இவர் நக்கலடிக்கிறார் என்று அதற்கும் தனியாகத் திட்டு வந்தது. அதற்கும் அழுத்தினார்.

உண்மையை எழுதிவிடுகிறேன் என்றேன். "எழுதாதே. ஆசையா கையாட்டுறாங்க. அது அப்படி இல்லன்னு சொன்னா அப்புறம் கைய எங்க வெச்சுக்குவாங்க? நான் போனப்புறம் சொல்லிக்கோ" என்றார். நானும் விட்டுவிட்டேன். மறைக்காமல் சொல்வதானால், பழி அவர்மேல் விழுந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஒலிக்கலவை செய்து கொடுத்தவன் நான். என்னை ஒருவரும் திட்டவில்லை. ஆல்பம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும், அப்போது அவர் சிரிப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆல்பத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்துவிட்டது.

கல்லறைக்கு நீங்கள் இத்தனை பேர் வருவீர்கள் என்று செலின் அக்கா எதிர்பார்க்கவில்லை. வெயிலில் கறுப்பு டீசட்டையோடு நின்றீர்கள், நெஞ்சில் அந்த இரண்டு கைகள். ஃபாதர் ஜெபத்தை முடித்தார். குழி வெட்டிய இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருவர் பட்டையைத் தளர்த்திப் பெட்டியை இறக்கத் தொடங்கினார்கள். அப்போது யார் முதலில் கையைத் தூக்கியது என்று தெரியவில்லை. ஒருவர் தூக்க, பத்துப் பேர் தூக்க, கடைசியில் எல்லாரும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசினீர்கள். என் கைகளும் தாமாக மேலே போயின.

அந்தத் தொழிலாளர்களுக்கு எங்கள் பாட்டு தெரியாது. மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். குழியைச் சுற்றி ஒரு கூட்டமே கையை வீசி நிறுத்து, நிறுத்து என்கிறது. சட்டென்று பட்டையை இறுக்கிப் பிடித்தார். பெட்டி பாதி வழியில் நின்றது. "கெனாப்பா?" என்றார், ஏன், என்ன தப்பு நடந்தது என்று கண்ணில் பதற்றத்தோடு. எட்டு வருடத்தில் அந்தக் கைவீச்சைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் மனிதர் அவர்தான்.

செலின் அக்காவுக்கு யோங் பெங் விஷயம் தெரியும். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. அவர் எதற்குக் குலுங்கினார் என்று நான் விசாரிக்கவில்லை. தினேஷ் என்னைப் பார்த்தான். அண்ணன் கேட்டது ஒருவழியாக நடந்திருந்தது, எல்லாம் நின்றிருந்தது. நான் எதற்கும் காத்திருக்காதவன், சிவப்பு விளக்கிலேயே சலித்துக்கொள்பவன். அன்றைக்கு எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. ஆனால் பட்டையைப் பிடித்திருந்தவர் பாரம் தாங்காமல் பிடியை மாற்றினார். நான்தான் கைகளை இறக்கிவிட்டு, "தெருஸ், பாங்" என்றேன், மேலே செய்யுங்கள் என்று.

ஆல்பம் சுத்தமாகத்தான் வரும். கிர்ர் இருக்காது. திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள், முகவரி உங்களுக்குத் தெரியும். நிகழ்ச்சியில் கையை வீச வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது அவருக்கும் பிடிக்காது.

கிழிந்த ஸ்பீக்கரைச் செலின் அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். கைலியில் சுற்றியபடியே என் அறையில் இருக்கிறது. அதில் வயர் மாட்ட மாட்டேன். மிக்ஸரிலிருந்து என் பெயர் போட்ட 'தொடாதே' காகிதத்தை நானே உரித்துக்கொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இந்த இரண்டும், பிறகு அந்த ஒன்பதாவது பாட்டும். அதில் பேஸைக் குறைத்துவிட்டேன். அவர் சொன்னது தவறு என்று இப்போதும் படம் போட்டுக் காட்டுவேன்.

ஆனால், கேக்குது.